தண்டவாளம் காட்டும் வழி: போத்தனூரிலிருந்து ஆழியாற்றுக்கு ஒரு நாள் சைக்கிளில்

கேட்டிருந்த கேள்வி இது: "வெளிநாடுகளில் கைவிட்ட ரயில் பாதைகளில் சைக்கிள் ஓட்டுகிறார்கள். கோவைப் பக்கம் அப்படி ஏதாவது உண்டா? மலையும் பார்க்க வேண்டும், ஒரே நாளில் திரும்பியும் வர வேண்டும். கியர் சைக்கிள் இருக்கிறது. அறுபது கிலோமீட்டர் வரை ஓட்டிப் பழக்கம்."

அப்படிச் சைக்கிளுக்கென்று மாற்றிக் கொடுத்த ரயில் பாதை கொங்கு நாட்டில் கிடையாது. ஆனால் நீங்கள் தேடுகிற பயணம் இங்கே இருக்கிறது. இருபது வருஷமாக இந்தப் பக்கம் சுற்றிக்கொண்டிருக்கிறேன், அந்த அனுபவத்தில் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், அங்கே இருப்பது இங்கே ஏன் இல்லை? இங்கிலாந்தில் நஷ்டத்தில் ஓடும் ரயில் பாதைகளை மூடச் சொல்லி 1963-ல் வந்த பீச்சிங் அறிக்கைக்குப் பிறகு ஆயிரக்கணக்கான மைல் பாதைகளை மூடினார்கள். தண்டவாளத்தைப் பெயர்த்த பிறகு வெறும் கரை மிஞ்சியது. பிரிஸ்டலுக்கும் பாத் நகரத்துக்கும் நடுவே கிடந்த அப்படி ஒரு கரையைத்தான் 1979-லிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சைக்கிள் பாதையாக்கினார்கள். நம் ஊர்க் கதை வேறு. போத்தனூர் - பொள்ளாச்சி மீட்டர்கேஜ் பாதை 1915-ல் வந்தது. பொள்ளாச்சியிலிருந்து திண்டுக்கல்லுக்கு 1928-லும், பாலக்காட்டுக்கு 1932-லும் நீட்டினார்கள். இந்த நூற்றாண்டில் அதையெல்லாம் மூடி, பெரும்பாலும் அதே தடத்தில் அகலப்பாதை போட்டு, 2012-க்கும் 2017-க்கும் இடையில் ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டார்கள். கரைமேல் இன்றைக்கும் ரயில் ஓடுகிறது. நிஜமாகவே செத்துப்போன பாதை வேண்டுமென்றால் வடக்கே போக வேண்டும். மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு 1906-ல் போட்ட நேரோகேஜ் பாதையை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிடுங்கிவிட்டார்கள். அதன் தடத்தைத் தேடிப் போவது தனி வேலை, ஒரு நாளில் ஆகாது.

ஆகவே ஜல்லிமேல் சைக்கிளை ஏற்றும் எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். ரயில்வே சட்டம் 1989, பிரிவு 147-ன்படி தண்டவாளப் பகுதியில் அத்துமீறி நுழைந்தால் ஆறு மாதம் வரை சிறையோ, ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. சட்டத்தை விடுங்கள். மின்சார ரயில் பக்கத்தில் வரும்வரை சத்தமே கேட்காது. எனக்கு அந்தப் பயம்தான் பெரிது.

ரயிலை ஒட்டிப் போவதில் ஒரு லாபம் இருக்கிறது. இரும்புச் சக்கரத்துக்கு இரும்புத் தண்டவாளத்தில் பிடிப்பு குறைவு. நூற்றுக்கு ஒன்று, அதாவது நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறுவதே ரயிலுக்குப் பெரிய ஏற்றம். அதனால் பாதை போட்டவர்கள் மேட்டைச் சுற்றி, பள்ளத்தை மண்ணடித்துத் தூக்கி, நிலத்தின் மிக மென்மையான வழியைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள். அந்த உழைப்பு நம் காலுக்கும் பயன்படும். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் நூற்றுக்கு ஒன்று ஏற்றத்தில் போனால், எடையை மேலே தூக்க மட்டும் ஏறக்குறைய 35 வாட் போதும். நூற்றுக்கு எட்டு ஏற்றத்தில் அதே வேகம் வேண்டுமென்றால் 280 வாட் ஆகிவிடும். முதலாவதைப் பள்ளிக்கூடப் பையன் ஓட்டுவான். இரண்டாவதை நன்றாகப் பழகியவர்கள்கூட ரொம்ப நேரம் தாங்கமாட்டார்கள்.

மேட்டுப்பாளையம் வழியாக ஊட்டிக்குப் போகலாமே என்று பலரும் கேட்பார்கள். நீலகிரி மலை ரயிலை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். மென்மையான வழி கிடைக்காமல் ரயில்வே தவித்த இடம் அது. மேட்டுப்பாளையம் 326 மீட்டர் உயரம், குன்னூர் 1,711. கல்லாறு தாண்டியதும் பன்னிரண்டரை மீட்டருக்கு ஒரு மீட்டர் என்று ஏற வேண்டியிருந்ததால், இரண்டு தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த சட்டம் பதித்து, இன்ஜினில் பற்சக்கரம் கோத்து இழுத்தார்கள். குன்னூர் வரை 1899-ல் ரயில் வந்தது. ஊட்டியைத் தொட 1908 ஆகிவிட்டது. இன்ஜினுக்கே பல் சக்கரம் கட்டிய மலையை முதல் நெடும்பயணத்துக்கு எடுக்காதீர்கள். அறுபது கிலோமீட்டர் பழக்கத்துக்குத் தெற்கே ஆனைமலை அடிவாரம்தான் பொருத்தம். மலை எந்நேரமும் கண்ணில் இருக்கும், காலின் கீழே நிலம் ஏறக்குறைய சமமாகவே இருக்கும்.

நான் சொல்கிற வழி போத்தனூர், செட்டிபாளையம், கிணத்துக்கடவு, பொள்ளாச்சி, ஆனைமலை, கோட்டூர், ஆழியாறு, திரும்பவும் பொள்ளாச்சி. முழுசாகப் போனால் நூறு கிலோமீட்டரை ஒட்டி வரும். அது அதிகம் என்றால் பொள்ளாச்சியிலேயே ஆரம்பித்துச் சுற்றி வாருங்கள், அறுபதுக்குள் முடியும்.

விடியுமுன் ஐந்தரைக்குப் போத்தனூர் ஸ்டேஷனில் இருங்கள். கோவைக்காரர்கள் பலருக்கு இது ஒரு புறநகர் ஸ்டேஷன். ஆனால் சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைக்குப் போகும் பெரிய பாதை 1862-ல் இந்த வழியாகத்தான் வந்தது. கோவை நகரத்துக்குள் ரயில் நுழைந்தது 1873-ல், மேட்டுப்பாளையத்துக்குக் கிளை போட்டபோதுதான். இந்த ஸ்டேஷனில் நான் எப்போதும் ஒரு நிமிஷம் நிற்பேன். 1921 நவம்பரில் மலபார்க் கிளர்ச்சியில் கைதானவர்களைத் திரூரில் ஒரு சரக்குப் பெட்டிக்குள் அடைத்து அனுப்பினார்கள். போத்தனூரில் கதவைத் திறந்தபோது ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் மூச்சுமுட்டிச் செத்துக் கிடந்தார்கள். ரயிலோடு கூடவே ஓட்டிக்கொண்டு போகிற நாளில் அதை மறந்துவிட்டுக் கிளம்ப எனக்கு மனசு வருவதில்லை.

அங்கிருந்து பொள்ளாச்சி நெடுஞ்சாலையைப் பிடிக்காதீர்கள். நான்கு வழிச் சாலை, வழவழவென்று இருக்கும், ஆனால் லாரிக்கும் பஸ்ஸுக்கும் உள்ள வேகம் நமக்கில்லை. செட்டிபாளையம் ரோட்டில் போய், அதைத் தாண்டி வடசித்தூர்ப் பக்கம் போகிற கிராமச் சாலைகள் வழியாகக் கிணத்துக்கடவை அடையுங்கள். நெடுஞ்சாலையைவிடச் சுற்றுதான், அரை மணி நேரம் கூடுதலாகும். கோவை கடல்மட்டத்திலிருந்து 411 மீட்டர், பொள்ளாச்சி 290-ஐ ஒட்டி. இந்த நாற்பது கிலோமீட்டரில் நூறு மீட்டருக்கு மேல் இறங்குகிறோம். கண்ணுக்கு இறக்கமே தெரியாது. ஆனால் கிணத்துக்கடவு வந்ததும் "இவ்வளவு சீக்கிரமா?" என்று தோன்றும். சாயங்காலம் அதே வழியில் திரும்ப நினைத்தால் அந்த நூறு மீட்டர் கணக்கைக் கேட்கும், அதையும் நினைவில் வையுங்கள்.

இந்தத் துண்டில்தான் இட்டேரிகள். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: இரண்டு தோட்டங்களுக்கு நடுவே, இருபுறமும் உயிர்வேலி வைத்து, வண்டி போக விட்ட மண்தடம்தான் இட்டேரி. கிளுவையும் கள்ளியும் நெருங்கி நிற்கும். அதன்மேல் பிரண்டையும் வேலிப்பருத்தியும் கோவைக்கொடியும் படர்ந்திருக்கும். மழை பெய்த மறுவாரம் போனால் வேலி முழுக்கப் பூ. கௌதாரி குறுக்கே ஓடும், மயில் வழிவிடாமல் நிற்கும். வேலி காற்றையும் வெயிலையும் தடுத்துவிடுவதால், வெளியே வெயில் கொளுத்தும்போதும் உள்ளே நிழல் இருக்கும். நீங்கள் படத்தில் பார்த்த வெளிநாட்டுப் பாதைகளுக்கு நம் ஊரில் ஒரு சொந்தக்காரன் உண்டென்றால் அது இட்டேரிதான். ரயில் கரையை ஒட்டியும் குறுக்கேயும் இன்னும் சில மிச்சமிருக்கின்றன. வருஷத்துக்கு வருஷம் குறைகின்றன. வேலியை வெட்டிவிட்டுக் கல்லுக்கால் நட்டுக் கம்பி கட்டுகிறார்கள், தடத்தில் தார் விழுகிறது, பிறகு மனை அளக்கும் கல் வருகிறது. தோட்டத்துக்காரர்களைக் குறை சொல்ல மாட்டேன். உயிர்வேலியை வருஷாவருஷம் கவாத்து பண்ண ஆள் கூலி கட்டுப்படியாவதில்லை என்று அவர்களே வருத்தத்தோடு சொல்வார்கள். அதனால்தான் இருக்கும்போதே போய்ப் பாருங்கள் என்கிறேன்.

இட்டேரியின் ஒரே எதிரி நெருஞ்சி. ஒருமுறை கிணத்துக்கடவுக்கு இந்தப் பக்கம் ஒரு தடத்தில் அரை கிலோமீட்டருக்குள் மூன்று பஞ்சர் ஆனது. மாற்று ட்யூப் ஒன்றுதான் வைத்திருந்தேன். உருட்டிக்கொண்டு வந்தபோது, மாட்டுக்குச் சோளத்தட்டு அறுத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் நிமிர்ந்து பார்த்து, "ஏனுங் தம்பி, காத்து எறங்கிப் போச்சுங்களா? சாளைக்கு வாங்க, தண்ணித் தொட்டி இருக்குது, முக்கிப் பாத்துக்கலாம்" என்றார். சாளை என்றால் தோட்டத்து வீடு. தொட்டியில் ட்யூபை முக்கிக் குமிழி பார்த்து, ஒவ்வொரு ஓட்டையாக அடைத்தேன். கிளம்பும்போது ஒரு சொம்பு மோர். அந்த நாளிலிருந்து இரண்டு ட்யூப், ஒட்டுப்போடும் சாமான், கைப்பம்பு, இவை இல்லாமல் நான் கிளம்புவதில்லை. நீங்களும் டயர் 35 மில்லிமீட்டருக்குக் குறையாமல் போடுங்கள். தடத்தின் ஓரத்தில் மஞ்சள் பூ தரையோடு தரையாகத் தெரிந்தால் நடுவில் ஓட்டுங்கள், இல்லையா, இறங்கித் தூக்கிக்கொண்டு போங்கள். முள் குத்தினால் உடனே பிடுங்காமல், சக்கரத்தை மெல்லச் சுற்றி எல்லா முள்ளையும் எண்ணிக்கொண்ட பிறகு பிடுங்குங்கள். ஒன்றை மட்டும் எடுத்துவிட்டுக் காற்றடித்து ஏமாந்தவர்கள் நிறைய.

இன்னொன்று, ரயில்வே கேட். அகலப்பாதை வந்த பிறகு பல இடங்களில் கேட்டை எடுத்துவிட்டுத் தண்டவாளத்துக்கு அடியில் சுரங்கப்பாதை போட்டிருக்கிறார்கள். மழைக்குப் பின் தண்ணீர் நிற்கும். ஆழம் தெரியாமல் உள்ளே விடாதீர்கள். ஓரத்தில் வடிகால் திறந்து கிடந்தால் முன்சக்கரம் போய்விடும்.

கிணத்துக்கடவில் சாப்பிடுங்கள். ஊரின் மேலேயே பொன்மலை நிற்கிறது, உச்சியில் வேலாயுதசாமி கோயில். சைக்கிளைக் கீழே பூட்டிவிட்டுப் படியேறிப் பாருங்கள். இதுவரை வந்த வழியும் இனிப் போகும் வழியும் ஒரே பார்வையில் கிடைக்கும். தெற்கே ஆனைமலைச் சுவர், மேற்கே மலை திடீரென்று அற்றுப்போகிற இடம் பாலக்காட்டுக் கணவாய். நாள் முழுக்க உங்களோடு பேசப்போகிற காற்று அந்த வாசல் வழியாகத்தான் வருகிறது.

காற்றைப் பற்றிச் சொல்லாமல் இந்த வழியைச் சொல்லவே முடியாது. மேற்குத் தொடர்ச்சி மலையில் முப்பது, நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்கு விட்டுப்போன இடைவெளி அது. தென்மேற்குப் பருவக்காற்று மலையில் முட்டி, ஒதுங்கி, இந்த இடுக்கில் நெருக்கிக்கொண்டு பாயும். உடுமலைப் பக்கம் காற்றாலைகள் காடு மாதிரி நிற்பதற்கு அதுதான் காரணம். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது நமக்கு வெறும் பழமொழி இல்லை. ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலைக்குப் போவது சமதரையில் மலை ஏறுவது மாதிரி. தென்மேற்கிலிருந்து முகத்துக்கு நேராக அடிக்கும். வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும். அந்த மாதங்களில்தான் போவேன் என்றால் ஒன்பது மணிக்குள் பொள்ளாச்சியைத் தாண்டிவிடுங்கள். என்னைக் கேட்டால் டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். வடகிழக்கு மழை ஓய்ந்து, குளமும் வாய்க்காலும் நிறைந்து, காலையில் பனி இருக்கும்.

பொள்ளாச்சியில் நிற்க வேண்டாம், குறிப்பாகச் செவ்வாயும் வியாழனும். அந்த நாட்களில் மாட்டுச் சந்தை, ஊரைச் சுற்றி மாடேற்றிய வண்டிகள். ஒரு இளநீர் குடித்துவிட்டு ஆனைமலை ரோட்டில் இறங்குங்கள். பாலக்காட்டுப் பாதையில் அடுத்துவரும் ஸ்டேஷனுக்குப் பெயரே ஆனைமலை ரோடு. ஆனைமலை ஊர் அங்கிருந்து தள்ளித்தான் இருக்கிறது. பெயரில் "ரோடு" என்று வரும் ஸ்டேஷன்கள் பெரும்பாலும் இப்படித்தான், ஊருக்குப் போக இங்கே இறங்கு என்று அர்த்தம். ரயில் இங்கே மேற்கே கணவாயைப் பார்த்துத் திரும்பிவிடுகிறது. நாம் அதை விட்டுவிட்டு மலையைப் பார்த்துப் போகிறோம்.

இனித் தென்னை. இருபுறமும் தென்னை, நார் காயப்போட்ட களங்கள், ஈர மட்டையின் புளித்த வாசம். கவனித்துப் பார்த்தால் மஞ்சளடித்துக் குலை தொங்கிய மரங்களும், வெட்டிச் சாய்த்த வெற்றுத் தோப்புகளும் நடுநடுவே வரும். வேர் வாடல் நோய். முப்பது நாற்பது வருஷம் வளர்த்த மரத்தை வெட்டுகிறவரிடம் அங்கே நின்று படம் எடுக்கலாமா என்று கேட்காதீர்கள், பேசாமல் கடந்துவிடுங்கள்.

ஆனைமலை வந்ததும் நிறம் மாறும். ஆழியாற்றுப் பழைய ஆயக்கட்டு, அதாவது ஆற்றுப் பாசன நிலம், ஐந்து பழைய வாய்க்கால்களில் பாயும் 6,400 ஏக்கர். கொங்கு என்றாலே மானாவாரியும் கிணற்றுப் பாசனமும் என்று நினைத்திருப்பவருக்கு இந்த நெல்வயல் ஆச்சரியமாக இருக்கும். வாய்க்கால் மேட்டில் சைக்கிளைச் சாத்திவிட்டுக் காலை நனைத்தால் இவ்வளவு நேரம் மிதித்த வலி போய்விடும். மாசாணியம்மன் கோயில் இங்கேதான். நீதி கேட்டு வருபவர்கள் மிளகாய் அரைத்துப் பூசும் வழக்கம் உள்ள கோயில். அமாவாசையிலும் வெள்ளிக்கிழமையிலும் ரோடே நிரம்பிவிடும், அந்த நாட்களைத் தவிருங்கள்.

ஆனைமலையிலிருந்து நேரே மேலே போனால் சேத்துமடை, அதற்கு மேல் டாப்சிலிப். வெட்டிய தேக்கு மரங்களை மலையுச்சியிலிருந்து சரித்துவிட்டதால் வந்த பெயர் அது. புலிகள் காப்பகத்துக்குள் சைக்கிளில் போகும் யோசனை வேண்டாம், சோதனைச் சாவடியோடு நின்றுவிடுங்கள். அதே மலையடிவாரத்தில், சர்க்கார்பதியிலிருந்து திருமூர்த்தி அணைக்கு 49 கிலோமீட்டர் ஓடுகிறது காண்டூர் கால்வாய். தண்ணீருக்கு ரயிலைவிடவும் பிடிவாதம் அதிகம், துளி மேடும் ஏறாது. அதனால் மலையின் ஒவ்வொரு மடிப்புக்கும் உள்ளே போய் வெளியே வந்து, ஒரே மட்டத்தைப் பிடித்துக்கொண்டே போகிறது. அதுவும் காட்டுக்குள்தான், கரையில் ஓட்ட முடியாது. ஆனால் அப்படியொன்று அங்கே இருக்கிறது என்று தெரிந்து மலையைப் பார்த்தால் மலை வேறு மாதிரித் தெரிகிறது.

ஆனைமலையிலிருந்து கிழக்கே கோட்டூர், அங்கலக்குறிச்சி, பிறகு ஆழியாறு. இங்கே காற்று முதல்முறையாக முதுகில் விழும். மதியம் ஒரு மணிவாக்கில் அணைக்கு வந்துவிடலாம். சாப்பிட்டுவிட்டு அணைக்கரையில் ஒரு மணி நேரம் படுங்கள். எதிரே ஏறும் ரோடு வால்பாறைக்கு, நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவு வரைக்கும் ஏறிப் பார்க்கலாமே என்று ஆசை வரும். அன்றைக்கு வேண்டாம். ஏற்கெனவே எழுபது, எண்பது கிலோமீட்டர் மிதித்த காலோடு ஏறுவது ஒரு கஷ்டம், பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இறங்குவது அதைவிட ஆபத்து. அதற்கென்று இன்னொரு நாள் வாருங்கள், சாவடியில் அனுமதி கேட்டுக்கொண்டு.

தண்ணீர் மூன்று லிட்டருக்குக் குறையக்கூடாது. வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் பிற்பகலில் தொடையில் பிடித்துக்கொள்ளும். உப்புப் போட்ட மோர், கம்பங்கூழ், நிலக்கடலை, வாழைப்பழம், இந்த வழியில் எல்லாம் கிடைக்கும். பசிக்கும் முன்னால் தின்னுங்கள்.

திரும்பப் பொள்ளாச்சி 24 கிலோமீட்டர். மூன்று மணிக்கு மேல் ஆழியாற்றில் இருக்காதீர்கள். அடிவாரத் தோட்டங்களுக்கு யானை இறங்கும் பகுதி இது, இருட்டியபின் சைக்கிளில் இருக்கக்கூடாது. பொள்ளாச்சியிலிருந்து கோவைக்கு ரயிலில் வருவதென்றால், சைக்கிளைப் பெட்டிக்குள் ஏற்ற விடமாட்டார்கள். பார்சல் ஆபீஸில் பதிந்து, சாமான் ஏற்றும் பெட்டியான பிரேக் வேனில் போட வேண்டும். சீட்டு எழுத, கட்ட நேரம் எடுக்கும், குறைந்தது ஒரு மணி நேரம் முன்னதாகப் போங்கள். நீங்கள் போக நினைக்கும் ரயிலில் அந்த வசதி உண்டா என்பதை முந்தின நாளே நேரில் கேட்டுவிடுங்கள். மடக்கு சைக்கிள் வைத்திருக்கும் நண்பர் யாராவது இருந்தால் கூட்டிக்கொள்ளுங்கள், அவருக்கு இந்தத் தொல்லை குறைவு. ரயில் சரிப்படவில்லையென்றால் சைக்கிள் ஏற்றுகிற மாதிரி ஒரு வண்டிக்குச் சொல்லி வையுங்கள். நூறு கிலோமீட்டருக்குப் பிறகு கோவைக்கு ஏறி மிதிக்கிற திட்டத்தை மட்டும் முதல் தடவையிலேயே போடாதீர்கள்.

அப்புறம் இட்டேரியில் போகும்போது எதிரே மாடு வந்தால் இறங்கி, வேலியோடு ஒட்டி நின்று வழிவிடுங்கள். மணி அடிக்காதீர்கள், மிரளும். ஓட்டிக்கொண்டு வருபவர் எங்கிருந்து வருகிறீர்கள் என்று கட்டாயம் கேட்பார். நின்று பதில் சொல்லுங்கள். அடுத்த இட்டேரி எங்கே பிரிகிறது என்பதை எந்த வரைபடத்தைவிடவும் அவர் சரியாகச் சொல்லுவார்.